கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள்

எங்கள் குடும்பத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லும்போது ஒரு கை முதுகில் இருக்கும். இன்னொரு கை ஷாலை லேசாக விலக்கி, கழுத்துக்குப் பின்னால் துணியைப் புரட்டி, லேபிளைப் பார்த்துவிடும். இதில் ஒளிவுமறைவு கிடையாது. பார்த்தவர் "கொள்ளாம்" என்று மெச்சுவார். பார்க்கப்பட்டவர் எந்தக் கடை, எத்தனையாவது மாடி என்பது வரை சந்தோஷமாகச் சொல்வார்.

நான் அந்தக் கைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம். நாங்கள் இருந்தது எர்ணாகுளத்தில் ஒரு ஃபிளாட்டில். பெருநாளுக்கு மூன்று உடுப்பு, கல்யாணத்துக்கு ஒன்று, அதற்கு முந்தின நாள் மருதாணிக்கு ஒன்று. ஒருமுறை ஃபோட்டோவில் வந்துவிட்டால் அந்த உடுப்பின் ஆயுசு அதோடு முடிந்தது. திரும்பப் போட்டால் யாரும் திட்டமாட்டார்கள். "இது அன்னைக்குப் போட்டதல்லோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு அம்மா பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. என் அலமாரியில் விலை அட்டை கிழிக்காத சுடிதார்கள் இருந்தன. மிக்சியோடு சலுகையில் வந்த தையல் மெஷின் ஒன்றுகூட வீட்டில் இருந்தது. பெட்டியைப் பிரிக்காமலே அதன்மேல் விரிப்பைப் போட்டு அம்மா பூச்சாடி வைத்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அத்தாவின் கூட்டாளி விலகிக்கொண்டார். குடோன் கைமாறியது, ஃபிளாட்டும் போனது. மட்டாஞ்சேரியிலேயே ஓர் அரிசி குடோனுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். அத்தா வேறொருவர் கடையில் உட்காரப் போனார். நான் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்தேன். அம்மா வீட்டைவிட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டாள். மதியம் சாப்பிட்டதும் ஃபோனை எடுத்து ஆன்லைன் கடையில் உடுப்பு உடுப்பாகப் பார்த்துக் கூடையில் போடுவாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் நீக்குவாள். தினமும் இது நடந்தது. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் வாயைத் திறக்கத் தோன்றாது.

தையலை நான் யாரிடமும் போய்க் கற்கவில்லை. என் உடுப்புகளைப் பிரித்துக் கற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடம் அடைத்துக்கொண்டிருந்த சுடிதார் ஒன்றை எடுத்து, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டி. தரையில் பரப்பி வைத்தபோது இவ்வளவுதானா என்றிருந்தது. அதைவிட ஆத்திரம் மூட்டியது இன்னொன்று. அத்தனை பெருமையாக வாங்கிய உடுப்பின் உள்பக்கத்தில் ஒரு விரல் அகலம்கூடத் துணி விடவில்லை. நூல் தொங்கியது. ஒரு ஓரத்தில் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். இருபது வருஷமாக நாங்கள் லேபிளைத்தான் புரட்டிப் பார்த்திருக்கிறோம், தையலைப் பார்த்ததே இல்லை.

இங்கேயும் அதன்மேலேயே இருந்த பூச்சாடியை இறக்கிவிட்டு மெஷினை எடுத்தேன். பிரித்த துண்டுகளைச் செய்தித்தாளில் வைத்து வரைந்து, அந்தத் தாளை வைத்துப் புதுத் துணி வெட்டினேன். முதலில் எனக்கென்று ஒரு பருத்தி டாப் தைத்தேன். கச்சிதமாக இருந்தது. துவைத்துக் காயப்போட்டு எடுத்தால் தோளில் ஏறவில்லை. துணி சுருங்கும், அதனால் தைக்கும் முன் நனைத்து உலர்த்த வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? சுருங்கும் வரைக்கும் எந்த உடுப்பை நான் துவைத்துப் போட்டிருக்கிறேன்?

பஜாரில் ஒரு கடைப் படியில் மெஷின் போட்டிருந்த திருநெல்வேலிக்காரத் தையல்காரரிடம் நூல் பிரியாதபடி ஓரம் அடிக்கக் கொண்டுபோவேன். என் வயதுதான் இருக்கும். துணியை வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். அது ஒன்றுக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. "என்னக்கா, மெஷினோட சண்டை போட்டீங்களா?" என்பார். ஆறேழு மாதம் அந்தக் கிண்டலைச் சகித்தேன். பிறகு அவர் கிண்டல் செய்வதற்கு அதிகம் கிடைக்கவில்லை. அலுவலகத்துக்கு நான் தைத்ததையே போட்டுப் போனேன். என்னுடையதும் அம்மா ஒதுக்கிப்போட்டதுமாகப் பழைய உடுப்புகளைப் பிரிக்கும்போது வெட்டி எடுத்த லேபிள்களை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சும்மா என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்மா என் உடுப்புகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுல தைச்சதைப் போட்டுட்டு நாலு பேர் முன்னாடி போறியே, உனக்கு நாணமா இல்லையா?" என்று ஒருமுறை கேட்டாள். எனக்கு நாணமே இல்லை என்று விறைப்பாகச் சொன்னேன்.

இந்த நிலையில்தான் ஆலுவாவிலிருந்து பெரியம்மாவின் ஃபோன் வந்தது. பெரியம்மா அம்மாவின் ஒரே கூடப்பிறந்தவள். அவளுடைய கடைசி மகளுக்கு நிக்காஹ். அதற்கு முந்தைய இரண்டு விசேஷங்களுக்கு அம்மா தலைவலி என்றும் காய்ச்சல் என்றும் சொல்லிப் போகாமல் இருந்திருந்தாள். இந்த முறை பெரியம்மா நீட்டி முழக்கவில்லை. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "இதுக்கும் நீ வரலேன்னா நமக்குள்ள இனி ஒண்ணுமில்லே. நான் செத்தா மய்யித்தைப் பார்க்கவும் நீ வரண்டா."

அம்மா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "புதுசு இல்லாம நான் அந்த வாசல் ஏற மாட்டேன். அதுக்கு அவ என்னை வேணாம்னே சொல்லட்டும்."

வெறும் வார்த்தை இல்லை அது, எனக்குத் தெரியும். ஒரு உடுப்புக்காக அம்மா தன் அக்காவை இழந்துவிட்டு, பிறகு ஆயுசு முழுக்க அதற்காக அழுவாள். "நான் வாங்கித் தர்றேன்" என்றேன். வாங்கும் நிலையில் நான் இல்லை. அவளைச் சமாதானம் செய்யவும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பஜாரின் கட்-பீஸ் கடையில் கரும்பச்சையில் ஒரு துணி கிடைத்தது. நடுவில் நெசவுக் குறை ஒன்று கோடாக ஓடியது. அதனால்தான் அது என் கைக்கு எட்டியது. அந்தக் கோடு உடுப்பில் வராதபடி வெட்ட வேண்டும். நனைத்தேன், உலர்த்தினேன், தேய்த்தேன். அளவுக்கு அம்மாவின் பழைய டாப் ஒன்றை அலமாரிக்குள்ளிருந்து திருடினேன். அம்மா பார்க்காதபடி பக்கத்து வீட்டுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய், அலுவலகம் விட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்து தைத்தேன். கோட்டைத் தவிர்க்கப் போய் கைப்பகுதிக்குத் துணி குறைந்துவிட்டது. தையல்காரர் ஓரம் அடிக்கும்போதே சொன்னார்: "கக்கத்துல பத்தாதுக்கா. கையைத் தூக்குனா பிடிக்கும்." துணி மிச்சமில்லை, நாளும் மிச்சமில்லை. பார்த்துக்கலாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். லேபிள் இல்லாத உடுப்பை அம்மா போடமாட்டாள், பெரியம்மாவின் கை சும்மா இருக்காது. இருந்ததிலேயே நல்லதை எடுத்தேன். கறுப்பு சாட்டினில் தங்க எழுத்து. எர்ணாகுளத்தில் நாங்கள் பெருநாளுக்குப் பெருநாள் போன பெரிய கடை. நாலு மூலையும் நூல் தெரியாமல் கழுத்தில் வைத்துத் தைத்தேன். அந்த உடுப்பிலேயே நான் மிகக் கவனமாகப் போட்ட தையல் அதுதான்.

"எர்ணாகுளத்துல எடுத்தேன்" என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அம்மா கண்ணாடி போடாமலே கழுத்துக்குள் விரலை விட்டு லேபிளைத் தடவிப் பார்த்தாள். அது போதுமாயிருந்தது அவளுக்கு. போட்டுப் பார்த்துவிட்டு வலது கையைத் தூக்கினாள், பாதியில் இறக்கினாள். கண்ணாடி முன்னால் இரண்டு முறை திரும்பி நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் கண்ணாடி முன்னால் திரும்பி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணத்தன்று அத்தா விடியற்காலையிலேயே ஆலுவாவுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் வாட்டர் மெட்ரோ படகில் ஏறி ஹைகோர்ட் பக்கம் இறங்கி, ஆட்டோ பிடித்து மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனோம். ரயிலில் அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் அவள் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய கடையின் கட்டடம் வந்தது. மேலே தங்க எழுத்து இல்லை. ஏதோ பல் ஆஸ்பத்திரியின் பலகை இருந்தது.

வேறு இடத்துக்கு மாறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஃபோனில் கடையின் பெயரைத் தட்டினேன். நிரந்தரமாக மூடப்பட்டது என்று வந்தது. கீழே யாரோ, மூடி இரண்டு வருஷமாகியும் இந்த விலாசத்தை எடுக்கவில்லையே என்று எழுதியிருந்தார்கள்.

கடைப்பக்கமே போகாமல் சிக்கனமாக வாழக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருந்தேனே, அந்தச் சிக்கனம்தான் என்னை மாட்டிவிட்டது. குடும்பத்தில் அத்தனை பெண்களுக்கும் எந்தக் கடை எப்போது மூடியது என்பது மனப்பாடமாகத் தெரியும். தெரியாதவர்கள் வீட்டைவிட்டு இறங்காத அம்மாவும் நானும்தான்.

லேபிளை எடுத்துவிட வேண்டும், பெரியம்மாவின் கை போவதற்குள். பையில் கத்தரி இல்லை. பிளேடு இல்லை. இரண்டு ஊக்குகள் மட்டும் இருந்தன. "அம்மா, பின்னாடி நூல் ஒண்ணு தொங்குது. திரும்பு, எடுத்துர்றேன்" என்றேன்.

"விடு, ஷால் கலைஞ்சுரும்."

"ஒரு நிமிஷம்தான்."

"ரயில்ல வச்சா? சும்மாரு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். களமசேரி வருவதற்குள் நாலு முறை வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி நடப்பாள். அவள் ஷாலைச் சரிசெய்து சரிசெய்து, மனசுக்குள் யாரிடமோ பேசுவது மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லவில்லை.

மண்டபத்து வாசலில் பெரியம்மா நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். பெரியம்மாவின் வலது கை முதுகில் இருந்தது. இடது கையில் பன்னீர்ச் செம்பு இருந்தது. அந்தச் செம்பு இல்லாதிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"பச்சை நல்லாருக்குடீ. புதுசா?" என்றாள் என்னைப் பார்த்து.

"ஆமா பெரியம்மா. போன வாரம்தான் எடுத்தேன்" என்றேன். ஏன் அதைச் சொன்னேனோ. 'ஆமா'வோடு நிறுத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கழுத்தைத்தான் பார்த்தேன். அவள் பின்னாலேயே நின்றேன். யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் நடுவில் புகுந்து நான் கட்டிப்பிடித்தேன். கைகழுவும் இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டுபோய் ஊக்கின் முனையால் லேபிளின் தையலை நெம்பப் பார்த்தேன். கழுத்துக்குள் ஊக்கு குத்தியதும் "என்னடீ பண்றே? காலையிலேருந்து என்னைப் போட்டுப் படுத்தறே!" என்று என் கையைத் தட்டிவிட்டாள். ஒரு தையல்கூட அசையவில்லை. அவ்வளவு உறுதியாகத் தைத்திருந்தேன்.

சாப்பிட்டு முடித்து, சாயாவும் கையுமாகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை காலியாக இருந்தது. பேச்சுவாக்கில் ஷாலை விலக்கினாள். நான் எழுந்தேன். அதற்குள் புரட்டிவிட்டாள்.

"இது எந்தக் கடை... அட! இந்தக் கடை பூட்டி ரெண்டு வருஷமாச்சல்லோ?"

வட்டத்தில் எல்லோரும் திரும்பினார்கள். எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். பெரியம்மா என்னைப் பார்த்தாள். "போன வாரம் எடுத்தேன்னியே மோளே?"

அவள் குரலில் விஷமம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவள் நான். நான் தைத்தேன் என்ற இரண்டே வார்த்தை. எனக்கு நாணமே இல்லை என்று விறைப்பாகச் சொன்னவள் வாயில் சாயாவை வைத்துக்கொண்டு முழுங்காமல் நின்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எல்லாவற்றையும் அவள் கோத்து முடித்ததை அந்தப் பார்வையில் பார்த்தேன். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"பழசுதான்க்கா. எப்பவோ எடுத்து வச்சது. புதுசுன்னு சொல்லச் சொன்னது நான்தான். அவளைக் கேக்காதே."

"ஐயோ, பாவம்" என்றாள் யாரோ ஒருத்தி மெதுவாக. இன்னொருத்தி சிரித்தாள். "நீயா பழசு போட்டுட்டு வந்தே? லோகமே அவசானிச்சு முடியப் போகுது!" என்று பெரியம்மாவும் சிரித்தாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆயுசு முழுக்க எந்தச் சிரிப்புக்குப் பயந்தாளோ அதற்கு நடுவில், கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி, நேராக உட்கார்ந்திருந்தாள். நான் சாயாவை முழுங்கினேன்.

திரும்பும்போது அத்தா அங்கேயே இருந்துவிட்டார். ரயிலில் நாங்கள் இருவர் மட்டும். களமசேரி போனது, இடப்பள்ளி போனது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். கலூர் வந்தபோது பேசினாள்.

"எந்த உடுப்புலேருந்து வெட்டினே?"

"உன் நீலத்துலேருந்து."

"அதுவா." கழுத்துப் பட்டியைத் தடவியபடி, "நீ தைச்சதா?"

"ஆமா."

"முழுசுமா?"

"முழுசும். சொல்லியிருந்தா போட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் பட்டென்று. பொய் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது, இறங்கினோம். படகுத்துறையில் டிக்கெட் எடுத்து, படகில் ஏறி, அது மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். "ஆனா அங்கே அத்தனை பேர் கேட்டப்போ நீ ஒருவாட்டி சொல்லியிருந்தேன்னா, ஆமா என் மோள் தைச்சதுதான்னு நானும் சொல்லியிருப்பேன். நீயே சொல்லல்லே. நான் என்ன செய்ய?"

அவளுக்காகத்தான் லேபிள் தைத்தேன் என்று அதுவரை நம்பியிருந்தேன். அத்தனை லேபிள்களையும் டப்பாவில் சேர்த்து வைத்தவள் அம்மா இல்லை, நான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகாமல் இருந்தேன். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் கல்யாண ஃபோட்டோக்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றில் அம்மாவும் பெரியம்மாவும் தோளோடு தோள். கீழே யாரோ சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டு, 'பழைய பச்சை' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் அதில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம். நானும் அப்படியே எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். 'அம்மா போட்டிருக்கும் பச்சை பழசு இல்லை. புதுத் துணியில் நான் தைத்தது. லேபிள் வைத்ததும் நான்தான். அம்மாவுக்குத் தெரியாது. அங்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.'

அனுப்பினேன்.

அடுத்த அறையில் அம்மாவின் ஃபோன் சிணுங்கியது. கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு கீழே குடோனில் யாரோ சாக்கு எண்ணுவது மட்டும் கேட்டது. எழுந்து போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏ புள்ளே" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"கக்கத்துல பிடிக்குதுன்னும் எழுது."